துருவக் கடற்பனி குறைந்தால் சென்னைக்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்பனி என்றால் என்ன? இமயமலைப் பனியும் கிரீன்லாந்துப் பனியும் இதில் சேருமா?

சேராது. கடல் நீரே உறைந்து, அந்தக் கடலின் மேலேயே மிதந்துகொண்டிருப்பதுதான் கடற்பனி. உப்பு கலந்திருப்பதால் கடல் நீர் 0 டிகிரியில் உறையாது. சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ் வரை குளிர வேண்டும். உறையும்போது உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டிய பழைய பனியை உருக்கிக் குடிக்கலாம், அந்த அளவுக்கு உப்பு போயிருக்கும். ஒரே குளிர்காலத்தில் உருவான பனி ஒன்று முதல் இரண்டு மீட்டர் கனம் இருக்கும். பழைய பனி மூன்று, நான்கு மீட்டர்.

கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் குவிந்து கிடப்பது வேறு. அது வானத்திலிருந்து விழுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுகிய பனிப்பாளம். செய்திகளில் இரண்டையும் 'துருவப் பனி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எவ்வளவு குறைந்திருக்கிறது?

செயற்கைக்கோள் அளவீடு 1978 கடைசியில் தொடங்கியது. ஆர்க்டிக்கில் ஆண்டிலேயே பனி மிகக் குறைவாக இருப்பது செப்டம்பரில். 1980களில் அந்த மாதத்தில் ஏறக்குறைய 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சத்துக்கு இறங்கியது. இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த அளவு. அண்மை ஆண்டுகளில் 45 லட்சத்தை ஒட்டி ஏறி இறங்குகிறது. தமிழ்நாட்டின் பரப்பு 1.3 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், கோடை முடிவில் பத்தொன்பது தமிழ்நாடுகள் அளவுக்குப் பனி காணாமல் போயிருக்கிறது. பரப்பு மட்டுமா, கனமும் போய்விட்டது. பழைய தடித்த பனியின் இடத்தை மெல்லிய ஓராண்டுப் பனி பிடித்திருக்கிறது. அது ஒரு புயலுக்கே உடைந்து சிதறும்.

குளிர்கால உச்சமும் சரிகிறது. 2025 மார்ச்சில் பதிவான உச்சம் சுமார் 143 லட்சம் சதுர கிலோமீட்டர். அதுவரையான செயற்கைக்கோள் பதிவிலேயே குறைந்த உச்சம் அது.

இந்தப் பனி உருகினால் மெரினாவில் கடல் மட்டம் ஏறுமா?

கடற்பனியால் ஏறாது. ஏற்கெனவே மிதப்பதால் தன் எடைக்குச் சமமான நீரை அது முன்பே விலக்கிவிட்டது. வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஒரே அளவில் இரண்டு கண்ணாடி டம்ளர். முதலாவதில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி நான்கு ஐஸ் கட்டிகளை மிதக்கவிடுங்கள். இரண்டாவதில் டம்ளரின் முக்கால் உயரத்துக்குக் குறையாத கல்லை வைத்து, கல்லின் தலை வெளியே தெரியும் வரை மட்டும் தண்ணீர் ஊற்றி, ஐஸை அந்தக் கல்லின் மேல் வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தில் செல்லோடேப் ஒட்டிக் கோடு போடுங்கள். ஐஸ் முழுக்கக் கரைந்தபின் முதல் டம்ளரில் மட்டம் கோட்டிலேயே நிற்கும், இரண்டாவதில் ஏறியிருக்கும். முதலாவது கடற்பனி, இரண்டாவது கிரீன்லாந்து.

இதில் வழக்கமாக நடக்கும் தவறுகள்: முதல் டம்ளரில் ஐஸை நிறையப் போட்டு அது அடியில் தட்டி நின்றுவிடும். அப்படித் தரை தட்டிய ஐஸ் மிதக்கும் ஐஸ் ஆகாது. கரையும்போது மட்டம் ஏறி, 'பாருங்கள், ஏறுகிறதே' என்பார்கள். இன்னொன்று, சென்னைக் காற்றின் ஈரப்பதத்துக்கு டம்ளரின் வெளிப்புறம் ஐந்தே நிமிடத்தில் வியர்த்து வழியும். ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டிருந்தால் அழிந்துவிடும். டேப்பை ஐஸ் போடுவதற்கு முன்பே, கண்ணாடி காய்ந்திருக்கும்போது சுற்றி ஒட்டிவிட்டு, கோட்டைப் பிறகு போடுங்கள்.

நுணுக்கமாகக் கேட்பவர்களுக்கு: உப்பு நீரில் நல்ல தண்ணீர் ஐஸ் கரைந்தால் மட்டம் மிகச் சிறிதளவு ஏறும். கரைந்த நீரின் அடர்த்தி உப்பு நீரை விடக் குறைவு என்பதே காரணம். அந்த ஏற்றம் ஐஸின் பருமனில் 2 முதல் 3 விழுக்காடுதான். டம்ளரில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது.

அப்படியென்றால் கடல் மட்டம் எதனால் ஏறுகிறது?

நிலத்துப் பனி உருகிக் கடலில் சேர்கிறது; கடல் நீரே சூடாகி விரிகிறது. இரண்டும் சேர்ந்து 1901 முதல் 2018 வரை உலக சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏற்றியிருக்கின்றன. 2006 முதல் 2018 வரையான வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர்.

இதில் நமக்கு ஒரு கூடுதல் வட்டி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. கிரீன்லாந்துப் பனிப்பாளம் அவ்வளவு கனமானது. தன் ஈர்ப்பால் சுற்றுக்கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்கிறது. கிரீன்லாந்தை ஒட்டிய கடலில் மட்டம் இறங்கும். விலகிய நீர் தொலைவிலுள்ள கடல்களுக்குப் போகும். வெப்பமண்டலக் கரைகளுக்குச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதல் பங்கு வந்து சேரும். சென்னை அந்த வரிசையில்தான் இருக்கிறது.

கடற்பனிக்கும் இதில் மறைமுகப் பங்கு உண்டு. அது இல்லாத ஆர்க்டிக் அதிகம் சூடாகும். சூடான ஆர்க்டிக்கில் கிரீன்லாந்து வேகமாக உருகும்.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கடல் ஊரைத் தின்றுகொண்டே வந்ததே, அதுவும் துருவப் பனியாலா?

பெரும்பாலும் கிடையாது. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழும்பியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணல் வரத்து நின்று, அலை கரையை அரித்தது. கடல் மட்ட உயர்வு இனிமேல் அந்த அரிப்பைக் கூட்டும். ஆனால் நூறு ஆண்டுக் கதையைத் துருவத்தின் தலையில் கட்டுவது சரியில்லை.

பனி குறைந்தால் வெப்பம் ஏன் கூடுகிறது?

கத்திரி வெயிலில் நண்பகலில் மொட்டைமாடிக்குச் செருப்பில்லாமல் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த பகுதியில் நிற்க முடியும். கறுத்த சிமெண்ட் தளத்தில் குதித்து ஓட வேண்டியிருக்கும். வெள்ளை, வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பனித்தூள் மூடிய கடற்பனி, விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பிவிடும். வெறும் கடற்பனி 50 முதல் 70. திறந்த கடல் வெறும் 6 விழுக்காடுதான். மீதி முழுவதும் நீருக்குள் போய்விடும். கோடையில் ஆர்க்டிக்கில் 24 மணி நேரமும் சூரியன் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் உருகலின் விலை. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸை வெறுமனே நீராக்கத் தேவையான வெப்பம், அதே நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். பனி இருக்கும்வரை வரும் வெப்பம் உருக்குவதில் செலவாகும், வெப்பமானி ஏறாது. பனி தீர்ந்த இடத்தில் அதே வெப்பம் நேராகக் கடலைச் சூடாக்கும்.

ஆர்க்டிக் அதிகம் சூடாவது குளிர்காலத்தில் என்கிறார்களே, வெயிலே இல்லாதபோது எப்படி?

கோடையில் கடல் வாங்கி வைத்த வெப்பத்தை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. முன்பெல்லாம் தடித்த பனி மூடிபோல் தடுத்தது. இப்போது பனி தாமதமாகப் பிடிக்கிறது, பிடித்தாலும் மெல்லியது. மூடியில்லாத பாத்திரத்திலிருந்து ஆவி போவதுபோல் வெப்பம் வெளியேறுகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருப்பதாக 2022இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதற்குக் கடற்பனி ஒரு முக்கியக் காரணம், ஒரே காரணமில்லை.

ஜெட் காற்று நெளிவதால்தான் உலகமெங்கும் வானிலை கெட்டுப்போகிறது என்பது உண்மையா?

இந்தப் பக்கத்திலேயே மிகக் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்றுதான் ஜெட் காற்று. வடக்கின் குளிருக்கும் தெற்கின் வெப்பத்துக்கும் இடையிலான வித்தியாசமே அதை ஓட்டுகிறது. ஆர்க்டிக் சூடானால் அந்த வித்தியாசம் குறையும், காற்று தளரும், தளர்ந்த ஆறுபோல் வளைந்து வளைந்து ஓடும், வளைவுகள் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் ஓரிடத்தில் விடாத வெப்ப அலையும் இன்னோரிடத்தில் விடாத குளிரும் வரும். 2012இல் ஜெனிபர் பிரான்சிஸ், ஸ்டீபன் வாவ்ரஸ் இருவரும் முன்வைத்த கருத்து இது. கேட்க அழகாக இருக்கும். அதனாலேயே வேகமாகப் பரவியது.

எதிர்ப் பக்கமும் இருக்கிறது. தரையருகில் ஆர்க்டிக் சூடாகிறது என்பது சரி. ஆனால் ஜெட் காற்று ஓடும் உயரத்தில் வெப்பமண்டலக் காற்றும் சூடாகிறது. அது வித்தியாசத்தைக் கூட்டும். இரண்டும் எதிரெதிரே இழுக்கின்றன. கணினி மாதிரிகளில் பனியை மட்டும் குறைத்துப் பார்த்தால் விளைவு வருகிறது, ஆனால் சிறியதாக வருகிறது. இயல்பான ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரியது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை, கடற்பனி குறைவு நடு அட்சரேகை வானிலையை மாற்றுகிறது என்ற முடிவுக்குக் குறைந்த நம்பகத்தன்மையே கொடுத்தது. பொய் என்று தள்ளவும் இல்லை, உறுதி என்று முத்திரை குத்தவும் இல்லை. 'விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று தொடங்கும் காணொளிகளை அந்த வரியோடு நிறுத்திவிடலாம்.

2021இல் டெக்சாஸ் உறைந்ததே, துருவத்தைச் சுற்றிச் சுழலும் அந்தக் கடுங்குளிர்க் காற்று, அதாவது துருவச் சுழல், ஒருநாள் சென்னைக்கும் வருமா?

வராது. இடையில் இமயமலையும் திபெத்தும் சுவராக நிற்கின்றன. அதற்கும் கீழே 13 டிகிரி வட அட்சரேகையில், வெதுவெதுப்பான கடலோரத்தில் இருக்கிறோம். நம் மார்கழிக் குளிர் உள்ளூர்ச் சரக்கு: மேகமில்லாத இரவு, வறண்ட வடகிழக்குக் காற்று, தரை தன் வெப்பத்தை வானுக்கு இழப்பது. போகியன்று விமான நிலையத்தை மூடும் புகைமூட்டமும் அந்தக் குளிர்ந்த தரைக்காற்றில் டயர் புகை சிக்கிக்கொள்வதால் வருவதே.

தென்மேற்குப் பருவமழைக்குத் தொடர்பு உண்டா?

இங்கே ஓரளவு ஆதாரம் இருக்கிறது. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ரஷ்யாவுக்கு வடக்கே இருக்கும் காரா கடலை எடுத்துக்கொண்டது. அங்கே கோடைப் பனி குறைந்த ஆண்டுகளில், பருவத்தின் கடைசியில், அதாவது செப்டம்பரில், மத்திய இந்தியாவில் கனமழை கூடுகிறது என்று கண்டார்கள். திறந்த கடலின் வெப்பம் மேலெழுந்து வடமேற்கு ஐரோப்பாவின் மேல் உயரழுத்தத்தை உண்டாக்கும்; அதிலிருந்து கிளம்பும் காற்றலை ஆசியாவை நோக்கி வரும்; அரபிக்கடலும் சூடாக இருந்தால் ஈரம் குவிந்து ஒரே அடியாகக் கொட்டும். தலைப்பிலேயே 'சாத்தியமான தொடர்பு' என்று எழுதியிருந்தார்கள். அந்த அடக்கம் செய்திகளுக்கு வந்தபோது காணாமல் போனது.

மத்திய இந்தியா என்றால் சென்னை சேராது என்பதையும் கவனிக்கவும்.

சரி, சென்னைக்கு உயிர்நாடி வடகிழக்குப் பருவமழைதானே? 2015 வெள்ளமும் மிக்ஜாமும் துருவத்தின் வேலையா?

நகரத்தின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வரும். இந்த மழையைக் கூட்டிக் குறைப்பவை எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), இந்தியப் பெருங்கடலின் கிழக்கு மேற்கு வெப்ப வேறுபாடு, மாடன் ஜூலியன் அலைவு (வெப்பமண்டலத்தில் கிழக்கே நகரும் மழைமேகக் கூட்டம்), வங்கக்கடலின் வெப்பம் ஆகியவை. 2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது வலுவான எல் நினோ நடந்துகொண்டிருந்தது, வங்கக்கடலும் சூடாக இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையை நெருங்கி வந்து மெதுவாக நகர்ந்ததால் நகரம் மூழ்கியது. இரண்டிலும் துருவப் பனியைச் சுட்டிக்காட்ட நேரடி ஆதாரம் கிடையாது.

'பனி குறைந்தால் நமக்கு மழை கூடும்' என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை மறுக்க ஒரே ஆண்டு போதும்: 2012. ஆர்க்டிக் பனி வரலாறு காணாத அளவுக்குச் சரிந்தது அந்த செப்டம்பரில். அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் பொய்த்தது. 2013இல் சென்னை தவிர மற்ற மாவட்டங்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

ஆகவே பருவமழைக்கு முன் செம்பரம்பாக்கமும் பூண்டியும் எப்படி இருக்கும் என்று கணிக்க நினைப்பவர் பார்க்க வேண்டியது பசிபிக்கையும் வங்கக்கடலையும். ஆர்க்டிக் படம் அதற்கு உதவாது. நூறாண்டுப் போக்கு வேறு விஷயம்: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். உலகம் சூடாவதில் பனி இழப்புக்கும் பங்கிருப்பதால், வரும் புயல்களின் மடியில் தண்ணீர் கூடும்.

வெப்பமண்டல மழைப்பட்டையே இடம் மாறிவிடும் என்று படித்தேனே?

நிலநடுக்கோட்டைச் சுற்றியிருக்கும் மழைப்பட்டை, எந்த அரைக்கோளம் அதிகம் சூடாகிறதோ அந்தப் பக்கம் சாயும். ஆர்க்டிக் பனியை மட்டும் குறைக்கும் மாதிரிகளில் அது வடக்கே நகர்கிறது. அண்டார்டிகப் பனியையும் சேர்த்துக் குறைத்தால் ஓரளவு ஈடாகிவிடுகிறது. இதுவரை மாதிரிகள் சொல்வது இவ்வளவுதான்.

அண்டார்டிகாவில் பனி கூடுகிறது என்று சொன்னார்களே?

2014 வரை அது சரி. அந்த செப்டம்பரில் அங்கே 200 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இல் சட்டென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சமாகவும், அதே ஆண்டின் குளிர்கால உச்சத்தில் சுமார் 170 லட்சமாகவும் இருந்தது. இரண்டுமே அப்போது பதிவில் மிகக் குறைந்தவை.

தென்துருவப் பனிக்கு இன்னொரு வேலை உண்டு. உறையும்போது அது தள்ளும் உப்பால் கனத்த நீர் ஆழத்துக்கு இறங்கி, கடலடியில் ஊர்ந்து, இந்தியப் பெருங்கடலின் அடிவரைக்கும் வருகிறது. ஆழ்கடலுக்கு ஆக்சிஜன் போவது அந்த வழியில்.

தினசரிப் பனிப்படத்தை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் தேசிய பனித் தரவு மையம் நாள்தோறும் வெளியிடும் வரைபடம்தான் பெரும்பாலும் பகிரப்படுகிறது. முதலில் அது 'பரவல்' என்பதை நினைவில் வையுங்கள்: 25 கிலோமீட்டர் கட்டம் ஒன்றில் 15 விழுக்காடு பனி இருந்தாலே முழுக் கட்டமும் பனி என்று எண்ணப்படும். உண்மையான பனிப்பரப்பு அதைவிடக் குறைவு. இரண்டு இணையதளங்களில் இரண்டு எண்கள் வந்தால், ஒருவர் பரவலையும் மற்றவர் பரப்பையும் சொல்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு நாளை இன்னொரு ஆண்டின் அதே நாளோடு ஒப்பிடாதீர்கள். பலத்த காற்று பனியைப் பரப்பினால் பரவல் கூடும், குவித்தால் குறையும். உருகல் எதுவும் நடந்திருக்காது. மாத சராசரியைப் பாருங்கள், அதுவும் செப்டம்பருக்கு செப்டம்பர். ஜூன், ஜூலையில் இன்னொரு சிக்கல்: பனியின் மேல் தேங்கும் உருகுநீர்க் குட்டைகளைச் செயற்கைக்கோளின் மைக்ரோவேவ் கருவி திறந்த கடலாக எடுத்துக்கொள்ளும்.

2012 சாதனை இன்னும் உடையவில்லையே, பனி மீண்டுவிட்டதா?

2007 முதல் 2025 வரையான பத்தொன்பது செப்டம்பர்களும்தான் பதிவிலேயே மிகக் குறைந்த பத்தொன்பது. 2012இல் ஆகஸ்ட் மாதப் பெரும்புயல் மெல்லிய பனியை உடைத்துக் கூடுதலாக இறக்கியது. அந்த ஒரு பள்ளத்திலிருந்து அளந்தால் எதுவும் மேடாகத்தான் தெரியும். சரிவின் வேகம் அதன்பின் தணிந்திருப்பது உண்மை. இயல்பான ஏற்ற இறக்கத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வருவது எதிர்பார்க்கக்கூடியதே.

சென்னையில் இதைப் பற்றி யாராவது வேலை செய்கிறார்களா?

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்களிப்போடு 2014 ஜூலையில் 'இண்டார்க்' என்ற ஆய்வுக் கருவித்தொகுப்பு நார்வேயின் ஸ்வால்பார்டில், கோங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. நீரின் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களில் அளக்கும். வங்கக்கடலில் மிதப்பதுபோல் மேலே மிதவை போட முடியாது. நகரும் பனி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் முழுக் கம்பியும் கருவிகளும் நீருக்குள்ளேயே நங்கூரமிட்டு நிற்கும். மேலே எடுத்துத்தான் தரவை இறக்க வேண்டும்.

நம் வீட்டுக் கரண்ட் பில்லுக்கும் அந்தப் பனிக்கும் கணக்கு போட முடியுமா?

முடியும். 2016இல் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் இருவரும் பழைய தரவுகளிலிருந்து ஒரு நேர்கோட்டு உறவைக் காட்டினார்கள்: ஒரு டன் கரியமில வாயுவுக்கு செப்டம்பர் பனியில் ஏறக்குறைய 3 சதுர மீட்டர். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீடு என்றால் ஆண்டுக்கு 3,000 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் என்று வைத்தால் 2.1 டன்னைத் தாண்டும். பெருக்கினால் ஆறரை சதுர மீட்டர், அதாவது 70 சதுர அடி. அடுக்குமாடி வீட்டின் சமையலறை அளவு, ஆண்டுக்கு ஒன்று.

கோடையில் பனியே இல்லாத ஆர்க்டிக் எப்போது வரும்? வந்துவிட்டால் திரும்பாதா?

10 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே போனால் 'பனியில்லா' நிலை என்பது வழக்கு. கனடாவுக்கு வடக்கே ஓரங்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். 2050க்குள் ஒரு செப்டம்பரிலாவது அது நடக்க வாய்ப்பு அதிகம் என்கிறது ஐபிசிசி.

திரும்புமா என்றால், கடற்பனி திரும்பும். உலக வெப்பம் இறங்கினால் சில ஆண்டுகளிலேயே பனி பின்தொடர்ந்து கூடுவதை மாதிரிகள் காட்டுகின்றன. குளிர்கால இருட்டில் திறந்த கடல் வெப்பத்தை வேகமாக இழப்பதும், மெல்லிய பனி தடித்த பனியைவிட வேகமாக வளர்வதும் அதற்குக் கைகொடுக்கும். கிரீன்லாந்துப் பனிப்பாளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அது பனித்தூள் பனித்தூளாக மறுபடி குவிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.